'முக்கிய மாற்றம் ஏதும் இல்லை': போர்முனை அறிக்கையை வாசிப்பது எப்படி?

1943 மார்ச் 3. மாஸ்கோவுக்கு மேற்கே 200 கிமீ தாண்டி, வோல்கா ஆற்றங்கரையில் ர்ஷெவ் என்றொரு ஊர். நீண்ட, கடுமையான சண்டைக்குப் பிறகு ர்ஷெவைக் கைப்பற்றிவிட்டோம் என்றது சோவியத் அறிக்கை. திட்டப்படி ஊரைக் காலி செய்துவிட்டோம் என்றது ஜெர்மன் தரப்பு. ஊர் ஒன்றுதான், சம்பவமும் ஒன்றுதான். இதில் யார் சொன்னது பொய்?

இரண்டாம் உலகப் போரின் கிழக்குப் போர்முனையைப் பற்றிப் படிக்க உட்காருகிறவர்கள் சீக்கிரமே இப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் காலத்துத் தினசரி அறிக்கைகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் வாசித்தால் ஒன்றும் பிடிபடாது. வாயில் நுழையாத ஊர்ப்பெயர்கள், 'கடும் சண்டை', 'பெருத்த இழப்புடன் விரட்டப்பட்டனர்' என்று திரும்பத் திரும்ப அதே வாசகங்கள். நானும் முதலில் நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தவன்தான். பிறகு ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்த பிறகுதான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. ர்ஷெவுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் சில அடிப்படைகள்.

போர்முனை என்றால் என்ன?

வரைபடத்தில் அது ஒரு தடித்த கோடு. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் எதிரி. தரையில் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு கோட்டைக் காண முடியாது. இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத நிலம் கிடக்கும். சில இடங்களில் அது கூப்பிடு தூரம், சில இடங்களில் பல கிமீ அகலம். முள்கம்பி, கண்ணிவெடி, அதன் பின்னால் இயந்திரத் துப்பாக்கி, அதற்கும் சில கிமீ பின்னால் பீரங்கிகள். இன்னும் பின்னால் கள மருத்துவமனை, வெடிமருந்துக் கிடங்கு, குதிரை லாயம், ரொட்டி சுடும் அடுப்பு, ரயில் வந்து நிற்கும் கடைசி நிலையம். இவ்வளவும் சேர்ந்ததுதான் போர்முனை. பல பத்துக் கிமீ ஆழமுள்ள ஒரு பட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக இருக்காது. ஒரு டிவிஷன், அதாவது பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு, சுமார் 10 கிமீ அகலத்தைக் காக்கலாம் என்பது அக்காலப் பாடப்புத்தகக் கணக்கு. ரஷ்யாவின் பரப்புக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகவில்லை. ஒரு டிவிஷனின் தலையில் இருபது, முப்பது கிமீ விழுந்த இடங்கள் ஏராளம். ஆகவே ஒரு கிராமத்தைப் பலப்படுத்தி ஆளை நிறுத்துவார்கள், அடுத்த கிராமத்தில் இன்னொரு கூட்டம், நடுவில் இரவு ரோந்து மட்டும். பெலாரூஸின் தெற்கே உள்ள பிரிபியாத் சதுப்பு நிலத்தில் நெடுந்தூரத்துக்கு இந்த ரோந்தும் அபூர்வம். வரைபடம் வரைகிறவர் அந்த வெற்றிடத்தின் மேலேயும் அதே தடிமனில்தான் கோடு இழுத்துக்கொண்டு போவார். இதை மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால், 'எதிரி ஓர் இடத்தில் ஊடுருவினான்' என்ற வாசகம் ஏதோ மதில் இடிந்த மாதிரி கேட்கும். பல சமயம் அது வேலியில் இருந்த இடைவெளியில் ஆடு நுழைந்த கதைதான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சோவியத் ராணுவத்தில் 'ஃபிரன்ட்' என்பது இடத்தின் பெயர் மட்டுமில்லை, ஒரு பெரிய படைத் தொகுதியின் பெயரும்கூட. '1-வது உக்ரேனிய ஃபிரன்ட்' என்று அறிக்கையில் வந்தால் பல லட்சம் பேர் அடங்கிய அந்தப் படைத் தொகுதியைச் சொல்கிறார்கள். உக்ரைனில் பெயர் வாங்கிய அந்தப் படை 1945-ல் பெர்லினில் நின்றபோதும் அதற்கு அதே பெயர்தான்.

ஒரே நாளுக்கு இரண்டு அறிக்கைகள்

எந்தப் படையிலும் மாலையானால் கணக்கு மேலே போகும். பட்டாலியனிலிருந்து ரெஜிமென்டுக்கு, அங்கிருந்து டிவிஷனுக்கு, பிறகு பல டிவிஷன்கள் சேர்ந்த ஆர்மிக்கு, கடைசியில் தலைமையகத்துக்கு. எந்த ஊர் யார் கையில், எத்தனை பேர் மிச்சம், எவ்வளவு குண்டு இருக்கிறது என்ற விவரம். ஜெர்மன் தரைப்படைத் தலைமையகம் இதை வைத்துக் கிழக்குப் போர்முனைக்கென்று தினம் ஒரு பெரிய வரைபடம் தயாரித்தது. மாஸ்கோவிலோ ஸ்டாலினுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை நிலவரம் சொல்லியாக வேண்டும். இது ரகசிய அறிக்கை.

மக்களுக்குச் சொன்னது வேறு. ஜெர்மனியில் ராணுவ உச்சத் தலைமையகத்தின் அறிக்கை 1939 செப்டம்பர் 1 முதல் நாள்தோறும் வானொலியில் வந்தது. பெரிய வெற்றி என்றால் நடுவில் எக்காள இசை முழங்கச் சிறப்பு அறிவிப்பு. சோவியத் தரப்பில், ஜெர்மன் படையெடுப்பு நடந்த மூன்றாம் நாளே, 1941 ஜூன் 24 அன்று, சோவியத் தகவல் பணியகம் தொடங்கப்பட்டது. காலையும் மாலையும் அறிக்கை. வாசித்தவர் யூரி லெவிட்டான். அந்தக் குரலைக் கேட்டு நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். 1941 இலையுதிர் காலத்தில் அவரைக் கிழக்கே ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்தும் 'மாஸ்கோ பேசுகிறது' என்றுதான் தொடங்கினார்! அறிக்கையின் முதல் வாக்கியத்திலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பொதுமக்களுக்கான அறிக்கை பூசி மெழுகும், தள்ளிப் போடும், பேசாமல் இருந்துவிடும். ஆனால் ஊர்ப்பெயர் விஷயத்தில் ரொம்ப தூரம் ஏமாற்ற முடியாது. 'கடும் சண்டை நடக்கிறது' என்றால் எங்கே என்று சொல்லியாக வேண்டுமே.

1941 ஜூன் 22-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று விடியற்காலையில் சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள் எல்லை தாண்டினார்கள். சோவியத் விமானங்கள் ஆயிரத்துக்கு மேல் அந்த ஒரு நாளில் அழிந்தன, பாதிக்கு மேல் தரையில் நின்றபடியே. தகவல் பணியகம் தொடங்குவதற்கு முன், அன்றிரவு ராணுவத் தலைமையிடமிருந்து வந்த முதல் அறிக்கையோ, எதிரி பெருத்த இழப்புடன் விரட்டப்பட்டான், இரண்டு திசைகளில் மட்டும் 'அற்பமான' வெற்றி கண்டு மூன்று சிற்றூர்களைப் பிடித்தான் என்றது. அடைப்புக்குறிக்குள் ஒரு விவரமும் இருந்தது: முதல் இரண்டு ஊர்களும் எல்லையிலிருந்து 15 கிமீ, மூன்றாவது 10 கிமீ. விவரம் தெரிந்தவர் அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். விரட்டப்பட்ட எதிரி எப்படி 15 கிமீ உள்ளே வந்தான்?

அடுத்த சில நாட்களில் 'மின்ஸ்க் திசையில் சண்டை' என்று வந்தது. பிறகு அதே வாசகம் 'பரீசவ் திசையில்' என்று மாறியது. பரீசவ், மின்ஸ்கிலிருந்து கிழக்கே 70 கிமீக்கு மேல். மின்ஸ்க் ஜூன் 28 அன்றே விழுந்துவிட்டது. அந்தச் செய்தி அறிக்கையில் வரவே இல்லை. கிழக்கே ஓர் ஊரின் பெயர் வந்தால் அதற்கு மேற்கே இருப்பதெல்லாம் போயிற்று என்று ஜனங்கள் தாங்களாகவே கணக்குப் போடக் கற்றுக்கொண்டார்கள். இந்தத் 'திசை' என்ற சொல் அந்த அறிக்கைகளின் தனிக் கண்டுபிடிப்பு. ஓர் ஊரில் சண்டை என்றால் ஊர் யாரிடம் என்ற கேள்வி வரும். ஊரின் திசையில் சண்டை என்றால் வராது.

ஸ்மொலென்ஸ்க் ஜூலை நடுவில் ஜெர்மானியர் வசமானது. சோவியத் மக்களுக்குச் சொன்னது ஆகஸ்ட் நடுவில். கீவ் செப்டம்பர் 19 அன்று விழுந்தது, 21 அன்று மாலை சொல்லிவிட்டார்கள். ஆனால் கீவுக்குக் கிழக்கே பல சோவியத் ஆர்மிகள் சுற்றிவளைக்கப்பட்டு அழிந்துகொண்டிருந்தது அந்த ஒற்றை வரியில் இல்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள் என்று ஜெர்மனி உரிமை கொண்டாடியது. நகரம் போனதை மறைக்க முடியாது, படை போனதை மறைக்கலாம். தோல்விச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்த வித்தியாசத்தைத் தேடுங்கள்.

வாசகங்களின் அகராதி

ஜெர்மன் அறிக்கை வெற்றி பெறும் காலத்தில் தெளிவாகப் பேசும். தோற்க ஆரம்பித்ததும் மொழி வழுக்கத் தொடங்கும். 'திட்டப்படி', 'விலகும் நகர்வு', 'நெகிழ்வான தற்காப்பு', 'போர்முனையைச் சுருக்குதல்' என்பவை 1943-க்குப் பிறகு நித்தியப்படி. ஈழப்போர்ச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'தந்திரோபாயப் பின்வாங்கல்' என்ற சொல் எவ்வளவு பழக்கமோ, அந்தக் கால ஜெர்மன் வீடுகளில் இவை அவ்வளவு பழக்கம்.

இப்போது ர்ஷெவுக்குத் திரும்பலாம். ஜெர்மன் கோடு அந்த ஊரைச் சுற்றி மாஸ்கோவை நோக்கிப் பெரிதாகப் புடைத்துக்கொண்டிருந்தது. தளர்ந்து தொங்கும் கொடிக்கயிற்றை நினைத்துப் பாருங்கள். இரண்டு முனைகளும் அதே தூரம்தான், கயிறு மட்டும் நீளம். அவ்வளவு நீளத்துக்கும் ஆள் நிற்க வேண்டும். 1942 முழுக்க அந்தப் புடைப்பை வெட்டச் செஞ்சேனை, அதாவது சோவியத் ராணுவம், மோதி மோதி லட்சக்கணக்கில் ஆட்களை இழந்தது. ஸ்டாலின்கிராடு தோல்விக்குப் பிறகு ஜெர்மனியிடம் ஆள் தட்டுப்பாடு. 1943 மார்ச்சில் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள், அதாவது புடைப்பை விட்டுவிட்டு நேர்கோட்டுக்குப் போனார்கள். முன்னூறு கிமீக்கு மேல் போர்முனை குறைந்தது. சுமார் 20 டிவிஷன்கள் மிச்சமாயின.

ஆகவே 'திட்டப்படி காலி செய்தோம்' என்பது இந்த ஒருமுறை உண்மை. ஓராண்டுக்கு மேல் அத்தனை உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தை ஏன் விட்டார்கள் என்பதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான். சோவியத் தரப்புக்கு ஊர் கிடைத்ததும் உண்மை. 'நீண்ட கடும் சண்டைக்குப் பிறகு' என்ற ஒட்டுதான் சந்தேகம். பெரும்படை ஏற்கெனவே கிளம்பிவிட்டது, எதிர்த்து நின்றது பின்காவல் மட்டும்.

இதில் புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. மழுப்பல் சொல் என்று தெரிந்ததும், அது வரும் இடமெல்லாம் பொய் என்று முடிவு கட்டிவிடுவது. கோடு சுருங்கியதா, அதனால் மிச்சமான படை அடுத்த மாதம் வேறெங்காவது தலைகாட்டியதா என்று பாருங்கள். ர்ஷெவ் பகுதியிலிருந்து விலகிய 9-வது ஆர்மி ஜூலையில் குர்ஸ்க் நகரத்தைக் குறிவைத்த ஜெர்மன் தாக்குதலில் வடக்குக் கையாக வந்து நின்றது.

எண்ணிக்கைகளைப் பற்றி

சுருக்கமாகச் சொல்கிறேன்: எதிரியின் இழப்பு என்று வரும் எண்ணை நம்பாதீர்கள். போர் தொடங்கி ஓராண்டு முடிந்தபோது, ஜெர்மனி ஒரு கோடிப் பேரைச் சாவிலும் காயத்திலும் கைதாகவும் இழந்ததாகச் சோவியத் பணியகம் அறிவித்தது. ஜெர்மன் தரைப்படை தன் ரகசியப் பதிவில் அதே ஓராண்டுக்கு வைத்திருந்த கணக்கு 13 லட்சம் அளவில். எல்லாமே வேண்டுமென்றே சொன்ன பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரே டாங்கியைப் பீரங்கிக்காரர், விமானி, காலாட்படை மூவரும் 'நான்தான் அடித்தேன்' என்று எழுதுவார்கள். இரவில் எதிரி அதை இழுத்துப் போய்ச் சரிசெய்து மறுவாரம் ஓட்டி வருவான்.

மௌனம்

என் கணக்கில் இதுதான் மிக முக்கியம், மிகக் கடினமும்கூட. சொல்லப்பட்டதைப் படிக்க யாருக்கும் தெரியும். நேற்று வரை வந்த பெயர் இன்று ஏன் வரவில்லை என்று கேட்கப் பழக வேண்டும்.

1942 இலையுதிர் காலத்தில் ஸ்டாலின்கிராடு ஜெர்மன் அறிக்கையில் தினசரி விருந்தாளி. இந்தத் தொழிற்சாலையைப் பிடித்தோம், அந்தத் தெருவைப் பிடித்தோம் என்று தெருத்தெருவாகச் செய்தி. நகரத்துக்கு வடமேற்கே டோன் ஆற்றங்கரையில் ருமேனியப் படை நின்றதைப் பற்றி யாரும் அக்கறைப்படவில்லை. அங்கே ஒரு டிவிஷனுக்குச் சுமார் 20 கிமீ. கையில் இருந்தது பெரும்பாலும் 37 மிமீ டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி. சோவியத் டி-34 டாங்கியின் முன்தகட்டில் அது கல்லெறிந்த மாதிரிதான். நவம்பர் 19 அன்று செஞ்சேனை அங்கே இறங்கியது, மறுநாள் நகரத்துக்குத் தெற்கேயும். 23 அன்று இரு கைகளும் கலாச் அருகே கோத்துக்கொண்டன. ஜெர்மனியின் 6-வது ஆர்மி உள்ளே சிக்கியது.

மாஸ்கோ 22 அன்று இரவே சொல்லிவிட்டது. மூன்று நாளில் 60, 70 கிமீ முன்னேறியதாகவும் கலாச் பிடிபட்டதாகவும் சிறப்பு அறிவிப்பு. வரைபடத்தில் கலாச்சைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டாலின்கிராட்டுக்கு மேற்கே, ஜெர்மன் படையின் முதுகுக்குப் பின்னால், டோன் ஆற்றுப் பாலத்தருகே இருக்கிறது அது. அந்த ஒரு பெயரிலேயே முழுக் கதையும் இருந்தது.

ஜெர்மன் அறிக்கையில் சுற்றிவளைப்பு என்ற பேச்சே இல்லை. 'வோல்காவுக்கும் டோனுக்கும் நடுவே', 'டோன் பெருவளைவில்' என்று ஆறுகளின் பெயர் மட்டும் வந்தது. டிசம்பர் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. 1943 ஜனவரி 16 அன்றுதான், அங்குள்ள படைகள் பல வாரங்களாக 'எல்லாப் பக்கமிருந்தும்' தாக்கும் எதிரியை எதிர்த்து நிற்கின்றன என்று ஒரு வாக்கியம் வந்தது. எல்லாப் பக்கமிருந்தும்! மகன் அங்கே இருக்கும் ஒரு தாய்க்கு அந்தச் சொல் போதும். அப்போது சுற்றிவளைக்கப்பட்டு எட்டு வாரம் ஆகப் போகிறது. பிப்ரவரி 3 அன்று சண்டை முடிந்ததாக அறிவித்தபோதும், கடைசி மூச்சு வரை போராடி மடிந்தார்கள் என்றார்கள். 6-வது ஆர்மியின் தளபதி ஃபீல்டு மார்ஷல் பவுலுஸும் சுமார் 91,000 பேரும் உயிருடன் சரணடைந்ததை ஜெர்மன் அறிக்கை சொல்லவில்லை.

மாற்றம் இல்லாத நாட்கள்

சோவியத் அறிக்கையில் மிக அதிகமாக வரும் வரிகளில் ஒன்று, 'போர்முனைகளில் முக்கிய மாற்றம் ஏதும் இல்லை'. படிப்பவர் வேகமாகத் தாண்டிப் போகும் வரி. பல சமயம் அது நிஜம். வசந்தத்தில் பனி உருகி மண் சாலைகள் சேறாகிவிட்டால் வண்டி அச்சு வரை புதையும். யாரும் எங்கும் போக முடியாது. 1943 ஏப்ரல் முதல் ஜூலை தொடக்கம் வரை கோடு ஏறக்குறைய அசையவே இல்லை. அதற்குள் குர்ஸ்க் பகுதி மக்கள் மண்வெட்டியும் கையுமாக ஆயிரக்கணக்கான கிமீ நீளத்துக்குப் பதுங்குகுழி வெட்டி முடித்திருந்தார்கள். ஜூலை 5 அன்று ஜெர்மன் டாங்கிகள் வந்து மோதியது அந்த அகழிகளின் மேல்தான்.

லெனின்கிராடு முனையிலும் நெடுநாள் மாற்றமில்லை. 1941 செப்டம்பர் 8 முதல் நகரம் தரைவழியில் அடைபட்டது. நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, வேலை செய்யாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. மாவில் மரக்கூழும் கலந்திருந்தது. நம் வீட்டில் காலையில் வைக்கும் மூன்று இட்லியின் எடைகூட அது இருக்காது. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் லட்சக்கணக்கானோர் பட்டினியில் இறந்தார்கள். வரைபடத்துக் கோடு அப்படியே இருந்தது, அறிக்கையில் ரொட்டியின் எடையும் வரவில்லை. தினசரி அறிக்கைகளை மட்டும் படித்துக்கொண்டு போகிறவருக்கு இந்தப் போரின் மிகப் பெரிய சாவுகளில் ஒன்று தட்டுப்படாமலே போய்விடும். பக்கத்தில் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

நாலு ஆண்டு அறிக்கைகளையும் வரிசையாகப் படிக்க முயன்றால் பத்தாம் நாள் கைவிட்டுவிடுவீர்கள். பதினொரே நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 1944 ஜூன் 23 முதல் ஜூலை 3 வரை, பெலாரூஸ். வரைபடத்தில் விதெப்ஸ்க், ஓர்ஷா, மொகிலேவ், பப்ரூய்ஸ்க் என்ற நான்கு ஊர்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். கடைசி ஆள் வரை விடக் கூடாத 'கோட்டை இடங்கள்' என்று ஹிட்லர் குறித்து வைத்த ஊர்கள் அவை. அவை செஞ்சேனையின் கைக்குப் போன நாட்கள்: ஜூன் 26-ல் விதெப்ஸ்க், 27-ல் ஓர்ஷா, 28-ல் மொகிலேவ், 29-ல் பப்ரூய்ஸ்க். ஒவ்வொரு நாளும் சோவியத் அறிக்கையில் ஒரு வட்டத்தை அடித்துவிட்டு, அதே நாளின் ஜெர்மன் அறிக்கையில் அந்த ஊரைப் பற்றி என்ன வருகிறது, எது வராமல் போகிறது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். பென்சில் மேற்கே நகர்ந்துகொண்டே போகும்.

பதினோராம் நாள் இரவு லெவிட்டானின் குரலில் வரும் ஊரின் பெயர் மின்ஸ்க். மூன்று ஆண்டுகளுக்கு முன் விழுந்தபோது அறிக்கையில் இடமே கிடைக்காத அந்த ஊருக்காக மாஸ்கோவில் 324 பீரங்கிகள் 24 முறை முழங்கின.